லெஸ்ஸிங்கின் நாதானும் ‘நல்ல யூதர்’ என்னும் சிக்கலும்

யூத வெறுப்பையும் இஸ்லாமிய வெறுப்பையும் ஒருசேர எதிர்க்கும் இலக்கியத்திற்குச் சான்று காட்ட விழைவோர், ஜெர்மானிய நாடகாசிரியர் லெஸ்ஸிங் 1779இல் வெளியிட்ட ‘அறிஞர் நாதான்’ நாடகத்தையே பெரும்பாலும் சுட்டுவர். மூன்றாம் சிலுவைப் போர்க்கால ஜெருசலேமில் நிகழும் அந்நாடகத்தில், உண்மைச் சமயம் எது எனச் சுல்தான் சலாஹுத்தீன் வினவ, யூத வணிகர் நாதான் மூன்று மோதிரங்களின் கதையை விடையாகக் கூறுகிறார். போக்காச்சியோவிடமிருந்து பெறப்பட்ட அக்கதையே நாடகத்தின் உயிர்நிலை என்பது வழிவழிக் கருத்து. கதை அழகியதே. ஆயினும், வெறுப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய அது பெரிதும் துணைபுரிவதில்லை என்றே கருதுகிறோம்.

லெஸ்ஸிங் தம் இருபதாம் அகவையில், 1749இல், ‘யூதர்கள்’ என்னும் ஓரங்க நாடகத்தை எழுதினார். கொள்ளையரிடமிருந்து ஒரு பிரபுவைப் பயணி ஒருவர் காப்பாற்றுகிறார். கொள்ளையர் யூதர்கள் என்று பிரபு நம்புகிறார். உண்மையில் அவர்கள் பொய்த்தாடி அணிந்த அவருடைய பணியாட்களே. மகளை மணமுடித்துத் தர முன்வரும்போதுதான், தம்மைக் காத்தவரே யூதர் எனப் பிரபு அறிகிறார். 1754இல் இதற்கு மதிப்புரை எழுதிய கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிக்கேலிஸ், இத்தகைய பெருந்தன்மையுடைய யூதர் இருத்தல் நம்பத்தக்கதன்று என்றார். மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்சோன் இதனைக் கடிந்து எழுதிய மடலை லெஸ்ஸிங் அச்சேற்றினார். மிக்கேலிஸ் கல்லாதவர் அல்லர். எபிரேயமும் அரபும் கற்றுத் துறைபோயவர். கீழைத்தேயவியல் துறையினராகிய நாம் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அம்மதிப்புரைக்கு லெஸ்ஸிங் கால் நூற்றாண்டுக்குப் பின் அளித்த விடை என நாதானைக் கொள்ளலாம். நம்பமுடியாத நல்லவர் என்றவர்க்கு, அதனினும் நல்லவரைப் படைத்துக் காட்டினார். ஈண்டுதான் சிக்கல் எழுகிறது. ஒருவரை விதிவிலக்காக உயர்த்துவது விதியை அசைப்பதில்லை. சலாஹுத்தீனுக்கும் ஐரோப்பிய இலக்கியம் இதனையே செய்தது. தாந்தே அவரைப் பண்டைய சான்றோர் நடுவே இடம்பெறச் செய்தும் தனியே ஒதுங்கி நிற்பவராகவே காட்டினார். சுல்தானைப் போற்றியவர்கள் அவருடைய சமயத்தாரை வெறுப்பதற்கு அப்போற்றுதல் தடையாக இருந்ததில்லை.

எனினும், நாடகம் தன் ஆசிரியரின் இவ்வுத்தியைக் கடந்து செல்லும் இடமும் உண்டு. கிறித்துவக் குழந்தையொன்றை யூதர் ஒருவர் எடுத்து வளர்த்திருப்பின் அவர்க்கு என்ன தண்டனை எனத் தலைமைக் குரு வினவப்படுகிறார். எரிக்கப்பட வேண்டும் என்கிறார். கைவிடப்பட்டிருந்தால் அக்குழந்தை இறந்திருக்கும் எனவும், அன்புடன் வளர்க்கப்பட்டது எனவும் எடுத்துரைத்த பின்னரும் அதே தீர்ப்பைச் சொல்மாறாது மீண்டும் கூறுகிறார். நாதானின் நற்குணம் அவர்க்கு ஐயத்திற்குரியதன்று. அது கணக்கில் வராத ஒன்று. மிக்கேலிஸ் சான்று கேட்டார். குருவுக்குச் சான்றே வேண்டியதில்லை. இவ்விரண்டாம் வகை வெறுப்பை முன்மாதிரி மனிதர்களைக் காட்டி வெல்ல இயலாது.

மிக்கேலிஸ் பிறந்த ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் பாவக்கழுவாய் நாளில், துப்பாக்கியுடன் வந்த ஒருவன் தொழுகைக்கூடத்தின் கதவை உடைக்க முயன்றான். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தனர், கதவு தாங்கியது. தெருவில் சென்ற பெண்ணொருவரைச் சுட்டுக்கொன்றவன், அடுத்து ஒரு கெபாப் உணவகத்திற்குச் சென்று அங்கிருந்த இளைஞர் ஒருவரைக் கொன்றான். யூதர்க்கு அடுத்து இஸ்லாமியரை அவன் தேடியது தற்செயலன்று. யூதர்கள் சூழ்ச்சி செய்து இஸ்லாமியரை ஐரோப்பாவிற்குள் குடியேற்றுகின்றனர் என்னும் கட்டுக்கதையில் இரு வெறுப்புகளும் ஒரே வெறுப்பாகிவிடுகின்றன. எனவே, ஒன்றை எதிர்த்து மற்றொன்றைப் பொறுத்துக்கொள்ளும் ஆய்வாளர்களின் நிலைப்பாடு எமக்கு ஏற்புடையதன்று. அத்தகையோர் இரு தரப்பிலும் உளர்.

நாடகத்தின் நான்காம் அங்கத்தில் நாதான் தம் கதையைக் கூறுகிறார். காத் நகரில் அவருடைய மனைவியும் ஏழு புதல்வர்களும் கிறித்துவர்களால் எரித்துக் கொல்லப்பட்டனர். மூன்று நாள் சாம்பலில் கிடந்து பழிவெறியில் உழன்றவர், அதன் பின்னரே அக்கிறித்துவக் குழந்தையை ஏற்றார். மோதிரக் கதையைவிட இச்சில வரிகளே எமக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன. இங்கு நாதான் அறிஞரல்லர். வெறுக்கவும் தெரிந்த மனிதர்.

இறுதிக் காட்சியில் அனைவரும் உறவினர் என வெளிப்படுகிறது. வளர்ப்பு மகளும் போர்வீரனும் உடன்பிறந்தோர். சுல்தானின் தம்பி மக்கள். ஒருவரையொருவர் தழுவிநிற்கத் திரை விழுகிறது. மேடையில் உள்ள ஐவருள் நால்வர் ஒரே குருதியினர். நாதானின் குருதி உறவினர் காத் நகரிலேயே சாம்பலாயினர்.