நிய்யத்தைச் சட்டமாக்க முடியுமா? அப்துல்லாஹி அன்-நஈமின் எழுத்துகளை முன்வைத்து

ஒரு சட்டப் பேராசிரியருக்கு இலக்கியச் சஞ்சிகையில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். தமிழ் படித்து, தமிழ் படிப்பிக்கிற எனக்கு அவரிடத்தில் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. பதில் சுருக்கமானது. ஷரீஆவுக்கும் அரச சட்டத்துக்கும் என்ன உறவு என்ற விடயத்தை நாங்கள் பல வருடங்களாகச் சூடாகக் கதைத்து வருகிறோம். அதே கேள்விக்காக ஆசானைத் தூக்குமேடையில் பறிகொடுத்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர் ஸூடானின் அப்துல்லாஹி அஹ்மத் அன்-நஈம். எங்கட மேடைகளில் அவரது பெயர் வருவதே குறைவு. வந்தாலும் இரண்டு விதமாகத்தான் வரும்: ஒரு சாராருக்குப் பெரிய சீர்திருத்தவாதி, மற்றச் சாராருக்கு மேற்குலகின் ஆள். இரண்டு பட்டங்களும் அவரை வாசிக்கும் சிரமத்திலிருந்து எங்களைக் காப்பாற்றுகின்றன. அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்-நஈம் 1946 இல் பிறந்தவர். கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் 1970 இல் சட்டப் பட்டம், பிறகு கேம்பிரிட்ஜில் மேற்படிப்பு, 1976 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பட்டத்தோடு நாடு திரும்பி, தான் படித்த கார்ட்டூம் பல்கலைக்கழகத்திலேயே சட்டம் படிப்பிக்கத் தொடங்கினார். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட ஆபிரிக்க நாடுகளின் முதல் தலைமுறைச் சட்ட அறிஞர்கள் பலருக்கும் இப்படி ஒரு வாழ்க்கைக் குறிப்பு உண்டு. அவரை வேறாக்கியது அவர் ஓதிய இன்னொரு பள்ளிக்கூடம். மாணவராக இருக்கும்போதே அவர் மஹ்மூத் முஹம்மத் தாஹாவின் சபைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்.

தாஹா தொழிலால் பொறியியலாளர். பிரித்தானியர் ஆட்சியில் சிறை சென்றவர். 1945 இல் குடியரசுக் கட்சியை ஆரம்பித்தவர்களில் முதன்மையானவர். பிற்காலத்தில் அது கட்சி என்ற நிலையைத் தாண்டி, 'குடியரசுச் சகோதரர்கள்' என்ற ஆன்மீகச் சிந்தனைக் கூட்டமாக மாறியது. 1967 இல் வெளிவந்த 'இஸ்லாத்தின் இரண்டாவது தூது' அவரது பிரதான நூல். அதன் மையக் கருத்து, கேட்டவுடனே எங்களைத் திடுக்கிடச் செய்வது. மக்காவில் அருளப்பட்ட வசனங்கள் எல்லா மனிதருக்குமான சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் பேசுகின்றன. மதீனாவில் அருளப்பட்ட சட்ட வசனங்கள் அக்காலச் சமூகத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப இறங்கியவை. ஆகவே 'நஸ்க்' என்பது மக்கா வசனங்களை நிரந்தரமாக மாற்றிவிடவில்லை, ஒரு காலம் வரை ஒத்திவைத்தது மட்டுமே. அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது. தாஹா சொன்னதன் சாரம் இதுதான்.

1983 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜஃபர் நுமைரி, ஷரீஆவின் பெயரால் சில சட்டங்களைத் திடீரெனக் கொண்டுவந்தார். 'செப்டெம்பர் சட்டங்கள்' என்று வரலாற்றில் அறியப்படுபவை அவை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தாஹாவும் அவரது சீடர்கள் பலரும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அன்-நஈமும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ ஒன்றரை வருடம் உள்ளே இருந்தார். 1984 டிசம்பரில் விடுதலை கிடைத்தது. வெளியே வந்த கையோடு தாஹா ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். செப்டெம்பர் சட்டங்களை நீக்கு, தெற்கில் யுத்தத்தை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்குப் போ என்பவை அதன் கோரிக்கைகள். மறுபடி கைது, அவசர விசாரணை, மரண தண்டனை. 1985 ஜனவரி 18, ஒரு வெள்ளிக்கிழமை, எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் கோபர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். மூன்று மாதம் செல்லவில்லை, ஏப்ரலில் நுமைரியின் ஆட்சி கவிழ்ந்தது. 1986 நவம்பரில் ஸூடானின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பே செல்லாது என்றது. செல்லாத தீர்ப்பு ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டிருந்தது.

அன்-நஈம் 1985 இல் நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவிலும் கனடாவிலும் படிப்பித்தார். 1993 முதல் 1995 வரை ஆபிரிக்காவுக்கான மனித உரிமைக் கண்காணிப்பகத்துக்குத் தலைமை தாங்கினார். 1995 இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார்.

அவருடைய எழுத்தில் என்னை முதலில் நிறுத்தியது 1986 இல் தாஹாவின் வழக்கைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஆசானைத் தூக்கிலிட்டு ஒரு வருடம் கழிந்திருக்கும் நேரம். எங்களில் ஒருவர் எழுதியிருந்தால் அது மர்ஸியாவாக இருந்திருக்கும். இவரோ எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றத்துக்கு எந்த அதிகாரம் என்று கேட்டுக்கொண்டு போகிறார். 1983 ஆம் ஆண்டின் தண்டனைக் கோவையில் 'ரித்தத்' என்று ஒரு குற்றமே எழுதப்பட்டிருக்கவில்லை. முதலில் விசாரித்த நீதிமன்றம் அரசுக்கு எதிரான குற்றங்களுக்காகவே தண்டித்தது. மேன்முறையீட்டில்தான் 'முர்தத்' என்ற சொல் உள்ளே வந்து உட்கார்ந்தது. எழுதப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் நீதிபதி ஷரீஆவைப் பிரயோகிக்கலாம் என்ற ஒரு வாசல் அதற்கு வழிவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்ட வறட்சி அந்த உரைநடையில் தெரிகிறது. கோபத்தோடு எழுதியிருந்தால் ஸூடானியருக்கு மட்டும் உரியதாகப் போயிருக்கும். சட்டமாக எழுதியதால் எல்லாருக்கும் உரியதாகிவிட்டது.

1987 இல் தாஹாவின் நூலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1990 இல் 'இஸ்லாமியச் சீர்திருத்தத்தை நோக்கி' என்ற தனது நூலை எழுதினார். முஸ்லிமல்லாதோரின் பிரஜாவுரிமை, பெண்களின் சட்ட நிலை, மதம் மாறுவோருக்கான தண்டனை ஆகிய மூன்றிலும் ஃபிக்ஹின் பழைய தீர்ப்புகளை வைத்துக்கொண்டு நவீன அரசியலமைப்பு ஒன்றை நடத்த முடியாது என்று அதில் காட்டுகிறார். காட்டும் விதம் நேர்மையானது. எங்கட பேச்சாளர்கள் பலர் செய்வதுபோல, 'இஸ்லாம் எல்லாவற்றையும் எப்போதோ கொடுத்துவிட்டது' என்று சிக்கலைச் சீனி தடவி மூடுவதில்லை.

ஆனால் தீர்வு என்று வரும்போது அவர் ஆசானின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அங்குதான் எனக்கு உடன்பாடில்லை. மார்க்க விடயத்தில் கட்டாயத்தை மறுக்கும் ஸூரா அல்-பகராவின் 256 ஆம் வசனத்தை எடுங்கள். மத சுதந்திரம் பேசுவோர் அனைவரும் முதலில் காட்டும் வசனம் அது. அல்-பகரா மதனீ ஸூரா. மக்கா சுதந்திரம், மதீனா சட்டம் என்று கோடு கிழித்தால் இந்த வசனம் எந்தப் பக்கம் விழும்? இடத்தையும் காலத்தையும் வைத்தல்ல, யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை வைத்தே பிரிக்க வேண்டும் என்பது தாஹாவின் பதில். நல்லது. அப்படியானால் எந்த வசனம் யாரை நோக்கியது என்று தீர்மானிப்பவர் யார்? தாஹாவிடம் அதற்கு ஓர் ஆன்மீக அதிகாரம் இருந்தது, சீடர்கள் அதை ஏற்றார்கள். சபைக்கு வெளியே இருக்கும் ஒரு முஸ்லிமுக்கு அது ஆதாரமாகாது. ஒரு முழு வீட்டையும் ஒரு தூணில் நிறுத்தினால், தூணை ஏற்காதவர் வீட்டுக்குள் வரமாட்டார். 1990 ஆம் ஆண்டின் நூல் உலமாக்களிடையே எடுபடாமல் போனதற்கு அவர்களது பிடிவாதத்தை மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இதை அன்-நஈமும் உணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2008 இல் வந்த 'இஸ்லாமும் மதச்சார்பற்ற அரசும்' என்ற நூல் வேறு அத்திவாரத்தில் எழும்புகிறது. ஆங்கிலப் பதிப்புக்கு முன்பே அது இந்தோனேசிய மொழியில் வெளிவந்துவிட்டது என்பதும் கவனிக்க வேண்டியது: தன் வாசகர் யார் என்பதில் அவருக்கு இப்போது தெளிவு இருக்கிறது. முந்திய நூலில் ஷரீஆவின் பொதுச் சட்டத்தைத் திருத்தி, அதனை மதச்சார்பின்மைக்கு மாற்றாக நிறுத்தப் பார்த்தார். இந்த நூலில் அரசு ஷரீஆவை அமுல்படுத்தவே முடியாது என்கிறார். 'கூடாது' என்பதைவிட 'முடியாது' என்பதில்தான் அவரது அழுத்தம்.

காரணம் எங்கட மத்ரஸாப் பிள்ளைக்கும் விளங்கும். இபாதத்துக்கு நிய்யத் வேண்டும். பொலிஸுக்குப் பயந்து பிடிக்கும் நோன்பு நோன்பாகாது. அரசு ஒரு விதியைச் சட்டமாக்கும்போது, மத்ஹபுகளின் பல அபிப்பிராயங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. 1876 இல் நிறைவுபெற்ற உஸ்மானியரின் 'மஜல்லா'வில் நடந்தது அதுதான். தெரிந்தெடுப்பவர்கள் ஆட்சியாளர்கள், கீழ்ப்படிய வைப்பது தண்டனை. அப்படி வெளிவருவது அரசின் விருப்பம், அதற்கு அல்லாஹ்வின் பெயரைச் சூட்டுவது சரியல்ல என்கிறார் அன்-நஈம். அதேநேரம், மார்க்கத்தை அரசிலிருந்து பிரிக்க வேண்டும், அரசியலிலிருந்து பிரிக்க முடியாது என்றும் சொல்கிறார். முஸ்லிம்கள் தமது விழுமியங்களை அரசியலுக்குக் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். ஆனால் ஒரு சட்டத்தைக் கேட்கும்போது, முஸ்லிமல்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய நியாயங்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயரைக் 'குடிமை நியாயம்' என்று தமிழில் சொல்லலாம்.

இந்த நூலைப் பற்றி எங்கள் பாடசாலையில் இஸ்லாம் கற்பிக்கும் இளம் மௌலவியோடு கதைத்தேன். "சேர், அவர் தாஹாட ஆள்தானே, அதை ஏன் நீங்க வாசிக்கிறீங்க?" என்பது அவரது முதல் கேள்வி. நிய்யத் பற்றிய வாதத்தை எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது தாஹா இல்லாமலும் நிக்குமே, சேர்" என்றார். அந்த நூலுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

எங்கள் நாட்டோடு இது தொடும் இடம் வெளிப்படை. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம். அதை நிறைவேற்றியது பாராளுமன்றம். காதிமாரை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழுவின் அறிக்கை 2018 இல்தான் கையளிக்கப்பட்டது. அதற்குள்ளும் ஒருமித்த கருத்து வரவில்லை. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தலாமா என்று கேட்டாலே, ஷரீஆவில் கைவைக்கிறான் என்று சிலர் கொதித்தெழுகிறார்கள். அன்-நஈமின் அளவுகோலில் அந்தப் பிரிவு அரசின் சட்டம், ஆகவே குடிமை நியாயத்தால் விசாரிக்கத் தக்கது. இந்தக் கருத்தை ஏற்காதவர்கூட ஒரு விடயத்தை ஒத்துக்கொள்ளலாம்: பாராளுமன்றச் சட்டத்தைக் கேள்வி கேட்பதும் வஹீயைக் கேள்வி கேட்பதும் ஒன்றல்ல.

ஆனால் இதே நாட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நூலின் ஓட்டையும் தெரிகிறது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்ற விதி இங்கே இருந்தது. நாங்கள் மார்க்கத்தை மட்டும் சொல்லி வாதாடவில்லை. அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலைக் காட்டினோம், விஞ்ஞானம் பேசினோம். அதைவிடச் சுத்தமான குடிமை நியாயம் ஏது? கேட்கும் காது இருக்கவில்லை. பெரும்பான்மையின் கையில் அதிகாரமும் சிறுபான்மையின் கையில் நியாயமும் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு அன்-நஈமிடம் போதிய பதில் இல்லை. இந்தியாவைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அரசியலமைப்பும் மனித உரிமைகளும் பிரஜாவுரிமையும் குடிமை நியாயத்துக்குக் காவல் என்றும் சொல்கிறார். அந்தக் காவலே தூங்கினால்? 1985 இன் ஸூடானைக் கண்டவர் இந்தக் கேள்வியை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

வரலாற்றிலும் அவர் கொஞ்சம் வேகமாக நடக்கிறார். முஸ்லிம் வரலாற்றில் ஆட்சியும் மார்க்க அதிகாரமும் நடைமுறையில் வெவ்வேறாகவே இருந்தன என்று காட்ட, கலீஃபா மஃமூன் 833 இல் தொடக்கிய 'மிஹ்னா' விசாரணையைச் சான்றாக்குகிறார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அரச கொள்கைக்கு அடிபணியாமல் நின்றது உண்மை. ஆனால் அந்த இமாம் ஆட்சியாளரிடம் எதிர்பார்த்தது மார்க்க விடயத்தில் நடுநிலை வகிக்கும் அரசையா, சரியான கொள்கையைக் காக்கும் அரசையா? இரண்டாவதைத்தான் என்றே எனக்குப் படுகிறது. பழைய இமாம்களை இன்றைய வழக்குக்குச் சாட்சியாக அழைக்கும்போது அவர்கள் சொல்லாததையும் சொல்ல வைக்கும் ஆபத்து இருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், அவரை வாசியுங்கள் என்றே சொல்வேன். 2008 ஆம் ஆண்டின் நூலை முதலில் வாசியுங்கள். 1990 ஆம் ஆண்டினதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாற்பது வருட எழுத்தில் தன் ஆசானை அவர் கைவிடவுமில்லை, ஆசானின் வாதத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கவுமில்லை. சீடத்துவத்தில் இது அபூர்வம். எங்கட உஸ்தாத்மாரின் வட்டங்களிலும், பல்கலைக்கழகத் துறைகளிலும்கூட, இரண்டில் ஒன்றுதான் வழக்கம்.

ஸூடான் 1991 இல் ரித்தத்தைத் தண்டனைக் கோவையில் எழுதியே வைத்தது. 2020 இல் அதை நீக்கியது. இடையில் கடந்தது 29 வருடங்கள். எங்களிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை, தூக்குமரமும் இல்லை. ஆனால் அந்தச் சொல் இருக்கிறது. முகநூலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும், ஒரு சட்டப்பிரிவைப் பற்றிக் கதைத்த பிள்ளையை நோக்கி அது லேசாக எறியப்படுகிறது. ஒரு வயோதிபரின் கழுத்துக்கு அந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிரிவு பிரிவாக எழுதிவைத்தவர் அன்-நஈம். எறியுமுன் ஒருமுறை அதை வாசித்துவிடுவது நல்லது.