விழட்டும், வேகம் குறையாதிருக்கட்டும்

ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் ரிக்கு மியுரா – ர்யூய்ச்சி கிஹாரா ஜோடியைப் பின்தொடர்கிற ரசிகர்களுக்கு முழு நிம்மதியோடு ஒரு சீசன் வாய்த்ததே இல்லை எனலாம். கிஹாராவுக்கு இடுப்பு, மியுராவுக்குத் தோள்பட்டை. இரண்டு முறை உலக சாம்பியன், ஒலிம்பிக் தங்கம் என்று பட்டியல் போட்டால் கவலைப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தப் பதக்கங்களுக்கு இடையில் கிடக்கும் மாதங்களை ரசிகர்கள்தான் அறிவார்கள். போட்டிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருக்கும். பயிற்சிக் காணொளியில், கிஹாரா மியுராவைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் மட்டும் இருக்காது. ஏன் இல்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்போம்.

இந்தக் கவலையை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஜோடி ஸ்கேட்டிங்கில் பெரும்பாலோர் தாவலைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். இருவரும் அருகருகே, ஒருவரை ஒருவர் தொடாமல், ஒரே நேரத்தில் எழும்பி மூன்று சுற்றுச் சுற்றி இறங்கும் தாவல் அது. ஒருவர் தடுமாறினாலும் அரங்கம் முழுக்க ‘அய்யோ’ என்கிறது. ரிக்கு – ர்யூய்ச்சிக்கு அந்தத் தாவல் பல நாட்களில் கைகொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஜோடிக் கலையின் ஓரத்தில் நிற்கும் அம்சம். இருவர் இருந்தும் ஒருவரை ஒருவர் தாங்காத ஓர் இடம். அத்தகைய தாவல்களில் ஒன்றான ட்ரிப்பிள் டோ லூப்பின் அடிப்படை மதிப்பு 4.2 புள்ளிதான், உச்சக் கடினமான நான்காம் நிலை லிஃப்ட் ஒன்றுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இவர்கள் ஆடிய ஃப்ரீ ஸ்கேட்டில், அதாவது போட்டியின் நீண்ட இரண்டாம் சுற்றில், அப்படிப்பட்ட லிஃப்ட் மூன்று.

நான் பார்ப்பது லிஃப்டுக்கு முந்தைய சில நொடிகளை. கச்சேரியில் பாடகர் முதல் ஷட்ஜத்தில் நிற்கும்போதே அன்றைக்குக் குரல் எப்படி என்று பழகிய காதுக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல. நல்ல நாளில் இருவரும் முழு வேகத்தில் வளைவெடுத்து வருவார்கள். அந்த வேகத்தைக் கொஞ்சமும் தணிக்காமலே கிஹாராவின் கைகள் மேலே போகும். அவர் முழங்கால் மடிவதும் மியுராவின் பாதம் பனியை விட்டு எழுவதும் ஒரே மூச்சு. தலைக்கு மேலே கை நீண்டு பூட்டிக்கொண்ட பிறகும் கிஹாராவின் காலடிகள் மூன்று திருப்பம், மூன்றரைத் திருப்பம் என்று அரங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடும். மேலே இருப்பவர் நிலை மாறுகிறார், ஒரு கையை விடுகிறார், காலைப் பிடித்து வளைகிறார். கீழே இருப்பவர் இடத்தைக் கடக்கிறார். கெட்ட நாளில் லிஃப்ட் விழாது, பார்ப்பவருக்குத் தவறும் தெரியாது. ஆனால் தூக்குவதற்கு முன் அவர் ஒரு கணம் நின்று, தயாராகி, பிறகு தூக்குவார். அந்த ஒரு கணம்தான் என் வயிற்றைக் கலக்கும். ஆறு மாதத்துக்கு முன் அந்த நிற்றல் இருந்ததா என்று பழைய காணொளியைத் தேட வைக்கும்.

அடுத்து த்ரோ. கிஹாரா வீச, மியுரா காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில், பின்னோக்கி, வெளி விளிம்பில் இறங்க வேண்டும். நின்றால் போதும் என்று கைதட்டிவிடுகிறோம். நான் பார்ப்பது இறங்கிய பிறகு அந்தக் கால் ஓடும் தூரத்தை. மியுரா நலமாக இருக்கும்போது இறங்கின இடத்திலிருந்து நீளமாக ஒரு வளைவு ஓடுகிறது. தூக்கி எறியப்பட்ட வேகம் முழுக்கப் பனியில் அப்படியே தொடர்கிறது. இறங்கிய இடத்திலேயே அடக்கிக்கொண்டால் எங்கோ வலி இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஜோடியின் கதை தொடங்கியதே ஒரு ட்விஸ்டில்தான். 2019 கோடையில் கிஹாரா ஏறக்குறைய விளையாட்டை விட்டுவிடும் நிலையில் இருந்தார். தனிநபர் பிரிவிலிருந்து 2013-இல் ஜோடிக்கு வந்தவர். நருமி தகாஹாஷியுடன் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 18-ஆவது இடம். மியு சுசாகியுடன் 2018 பியோங்சாங்கில் 21-ஆவது இடம். பிறகு தலையில் அடி, அந்த ஜோடியும் பிரிந்தது. ஒரு பனி அரங்கில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, தன்னைவிட ஒன்பது வயது சின்னவரான மியுரா தேடிவந்து ஒரு தடவை சேர்ந்து ஸ்கேட் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். ட்விஸ்ட் என்றால் பெண்ணை மேலே எறிந்து, அவர் படுத்த வாக்கில் சுழன்று வரும்போது, பாதம் பனியைத் தொடும் முன் இடுப்பில் பிடித்து இறக்கிவிடுவது. முதல் முயற்சியிலேயே மியுரா போன உயரம் கிஹாராவைத் திகைக்க வைத்துவிட்டது. இத்தனை வருடம் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தக் கணத்தில் கிடைத்தது என்பதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நல்ல ட்விஸ்டை எப்படி அறிவது? பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். ஆணின் கைகள் நேராகப் பெண்ணின் இடுப்புக்குப் போக வேண்டும். பெண்ணின் உடம்பு ஆணின் மார்பிலோ தோளிலோ மோதிச் சரியக் கூடாது. பிடித்ததும் அப்படியே பூப்போல இறக்கி, இருவரும் அடுத்த அடிக்குப் போய்விட வேண்டும். மோதல் இருந்தால் எறிந்தது தாழ்ந்துபோயிற்று அல்லது சுழற்சி தாமதமாயிற்று என்று பொருள். எறிவது கை அல்ல, முழங்காலும் இடுப்பும். ஆகவே கிஹாராவின் முதுகு எப்படி இருக்கிறது என்று மருத்துவ அறிக்கை வருவதற்கு முன்னாலேயே ட்விஸ்ட் சொல்லிவிடும்.

ஜப்பானில் ஜோடிகள் பயிற்சி செய்வது எப்போதுமே கஷ்டம். தனிநபர் ஸ்கேட்டர்கள் நிறைந்த அரங்கில் ஒரு ஆளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓட முடியாது. ஜோடிக்கு அரங்கமே காலியாக வேண்டும். அதனால்தான் இவர்கள் கனடாவின் ஓன்டாரியோ மாகாணத்தில் ஓக்வில் ஊருக்குப் போய்ப் பயிற்சியாளர் புரூனோ மார்கோட்டிடம் சேர்ந்தார்கள். போன கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. ஊருக்குத் திரும்ப முடியாமல் வெகுநாள் அங்கேயே இருந்தார்கள். போட்டிகள் நின்றுபோன அந்தக் காலத்தில்தான் அடித்தளம் விழுந்தது என்பது என் கணிப்பு. 2021 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் 10-ஆவது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7-ஆவது. அடுத்த மாதமே மோன்பெலியேயில் உலக வெள்ளி.

2022 கோடையில் மியுராவின் இடது தோள்பட்டை விலகியது. அந்த சீசனைத்தான் அவர்கள் கிராண்ட் பிரி இறுதி, நான்கு கண்டப் போட்டி, உலகப் போட்டி மூன்றையும் வென்று முடித்தார்கள். ஜப்பானிய ஜோடி எதுவும் அதற்கு முன் உலக சாம்பியன் ஆனதில்லை. 2023 மார்ச்சில் சைதாமாவில் நடந்த ஃப்ரீ ஸ்கேட்டை நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதுண்டு. தாவலில் ஒரு பிழை, த்ரோவில் ஒரு பிழை. முடித்ததும் மியுரா அழுதார், எல்லாம் கெட்டுப்போயிற்று என்று. கிஹாரா சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். புள்ளி வந்தது: மொத்தம் 222.16, முதலிடம். சொந்த மண் என்பதால் கிடைத்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பிழைகளுக்கு முன்னும் பின்னும் வேகம் ஒரே அளவில் இருந்தது. பிழை நடந்த அடுத்த நொடியே பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஜோடி விழுந்தாலும் நான் பதறுவதில்லை.

உண்மையில் பதறியது அடுத்த சீசனில். 2023 இலையுதிர் காலத்தில் கிஹாராவுக்கு இடுப்பு முதுகெலும்பில் அழுத்தத்தால் வரும் முறிவு. கிராண்ட் பிரி போட்டிகளிலிருந்து விலகினார்கள். தேசியப் போட்டியிலும் இல்லை. ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆணுக்கு இடுப்பு போனால் மாற்று வழி கிடையாது. தனிநபர் ஸ்கேட்டர் ஒரு தாவலைக் குறைத்துக்கொண்டு ஆடலாம். லிஃப்டைக் குறைத்துக்கொள்ள முடியாது, அது கட்டாயம். சுழன்றுகொண்டே ஒற்றைக் கால் விளிம்பின் மேல் நிற்கும்போது, ஒரு மனிதரின் எடை முழுக்க இறங்குவது அந்த இடுப்பில்தான். அப்போது அவருக்கு வயது 31. இந்தக் கலையின் வரலாறு முழுக்க இப்படிப்பட்ட உடம்புகள்தான். சீனாவின் சூய் வென்ஜிங்குக்கு 2016-இல் இரு கால்களிலும் அறுவை சிகிச்சை. அடுத்த வருடமே ஹெல்சிங்கியில் உலகத் தங்கம். அவர் துணை ஹான் காங்குக்கு 2020-இல் இடுப்பு அறுவை சிகிச்சை. 2022-இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி மீண்டு வந்தவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வராமல் போனவர்களும் அதே அளவு உழைத்தவர்கள்தான். அந்தக் குளிர்கால மாதங்களில் என் மனதில் ஓடியது அப்படி வராமல் போனவர்களைப் பற்றிய நினைப்பே.

2024 பிப்ரவரியில் ஷாங்காய் நான்கு கண்டப் போட்டியில் திரும்பி வந்து வெள்ளி வாங்கினார்கள். மார்ச்சில் மான்ட்ரியல் உலகப் போட்டியிலும் வெள்ளி. தங்கம், 40 வயதில் உலக சாம்பியனான டியானா ஸ்டெலாட்டோ-டூடெக்குக்கும் மாக்சிம் டெஷாம்புக்கும் போனது. சாம்பியன் பட்டம் போயிற்றே என்று ஜப்பானில் வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். நானோ லிஃப்டுக்கு முந்தைய அந்த நிற்றலைத் தேடிக்கொண்டிருந்தேன். மான்ட்ரியலில் அது கண்ணில் படவில்லை. அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2025 பாஸ்டனில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள். ஜெர்மனியின் மினெர்வா ஹாசே – நிகிதா வொலோடின் ஜோடியை முந்தியது வெறும் 0.71 புள்ளியில். ஒரே ஒரு லிஃப்டின் தரத்துக்கு நடுவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே முடிவு மாறியிருக்கும். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஜோடிப் போட்டிகளில் இப்படி நூலிழை வித்தியாசம் வரும்போது ஒளிபரப்பில் திரும்பத் திரும்பக் காட்டுவது விழுந்த தாவலை. முடிவைத் தீர்மானித்த டெத் ஸ்பைரலையோ லிஃப்டையோ யாரும் மெதுவாக ஓட்டிக் காட்டுவதில்லை. ஆண் ஒரு காலின் முனையை ஊன்றி மையமாக நிற்க, பெண் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலை பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்து விளிம்பில் வட்டமிடுவதுதான் டெத் ஸ்பைரல். அந்த நீட்டிய கை தோளோடு சேரும் இடத்தில் மியுராவுக்கு இருந்த பழைய காயம் தெரிந்தவர்களால் அதை அமைதியாகப் பார்க்க முடியாது.

அந்தப் பயம் வீண்போகவில்லை. 2025 டிசம்பரில் நகோயாவில் கிராண்ட் பிரி இறுதியை வென்ற சில வாரங்களில், தேசியப் போட்டியில் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமுக்கு முந்தைய வார்ம்-அப்பில் மியுராவின் தோள் மறுபடி விலகியது. ஷார்ட்டை ஆடிவிட்டு ஃப்ரீயிலிருந்து விலகினார்கள். ஒலிம்பிக்குக்கு இரண்டே மாதம்.

மிலான் ஒலிம்பிக்கில் குழுப் போட்டியில் இரண்டு சுற்றிலும் அவர்களே முதலிடம். அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு ஜோடிப் பிரிவின் ஷார்ட் புரோகிராமில் தவறு நடந்தது தாவலில் அல்ல, லிஃப்டில். நடுவே பிடி பிசகி, நிலை குலைந்து, 73.11 புள்ளியோடு ஐந்தாம் இடம். முதலிடத்துக்குக் கிட்டத்தட்ட 7 புள்ளி தூரம். அவர்களிடம் எது கெட்டாலும் இது கெடாது என்று நான் நம்பியிருந்த இடமே கெட்டது. இம்முறை உடைந்து அழுதவர் கிஹாரா, தேற்றியவர் மியுரா. அன்றிரவு அந்த லிஃப்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நுழைந்த வேகம் குறையவில்லை. தூக்குவதற்கு முன் நிற்றல் இல்லை. பிசகு கைப்பிடியில்தான், முதுகிலும் தோளிலும் அல்ல. பிடி மறுநாளே சரியாகக்கூடியது. முதுகு அப்படி அல்ல. இது ஆறுதலா கணிப்பா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

மறுநாள் ‘கிளாடியேட்டர்’ இசைக்கு ஆடிய ஃப்ரீ ஸ்கேட்டுக்கு 158.13, உலக சாதனை. மொத்தம் 231.24. ஜோடிப் பிரிவில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த நான்கு நிமிடத்தில் தாவல்களும் சுத்தமாக நின்றன, சந்தோஷம். ஆனால் பார்க்காதவர் யாராவது தேடிப் பார்ப்பதாக இருந்தால் மூன்று லிஃப்டுகளின் தொடக்கத்தையும் பாருங்கள். முந்தின நாள் பிடி பிசகியவர் எவருக்கும் அடுத்த நாள் ஒரு நொடி தயக்கம் வரும், வரத்தான் வேண்டும். கிஹாரா தயங்கவில்லை, முந்தின நாளைவிடக் கூடுதல் வேகத்தோடு நுழைந்தார் என்றே என் கண்ணுக்குப் பட்டது.

இனி என் கவலை வேறு திசையில் போகிறது. மிலானுக்கு ஜப்பான் இரண்டு ஜோடிகளை அனுப்பியது. யூனா நாகவோகா – சுமிதாதா மொரிகுச்சி இரண்டாவது ஜோடி. ஒரு நாட்டின் ஜோடிக் கலை பல வருடங்களாக ஒரு மனிதரின் இடுப்பையும் ஒரு பெண்ணின் தோளையும் நம்பியே இருந்தது. தூக்கப் பயந்து தனிநபர் பிரிவிலேயே நின்றுவிடும் பையன்கள் ஜப்பானில் இப்போதாவது முழு அரங்கம் கேட்பார்களா, கேட்டால் கிடைக்குமா, ஓக்வில் போகாமலே அங்கே ஒரு ட்விஸ்டைச் சரியான உயரத்துக்கு எறியச் சொல்லித்தர ஆள் இருப்பார்களா என்பதைத்தான் அடுத்த சில சீசன்களில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.