வெட்டுவதற்கு வசதியாக

ஸ்விங் யுகத்து நடனத்தை ஹாலிவுட்தான் காப்பாற்றித் தந்தது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எந்த நிபந்தனையின் பேரில் அது இடம் கொடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது பாதிப் பொய்.

1929இன் ‘பிளாக் அண்ட் டேன்’, ‘ஆஃப்டர் செபன்’ குறும்படங்களில் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் நடனக் கலைஞர் ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடனும் இருக்கிறார்கள். 1937இல் இன்னொரு இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மன் ‘ஹாலிவுட் ஹோட்ட’லுக்கு வந்துவிடுகிறார். சிக்கல் தெளிவாகத் தெரிவது 1941இன் ‘சன் வேலி செரினேட்’டில். கிளென் மில்லர் குழு பாட்டை வாசித்து முடித்த பிறகே நிக்கலஸ் சகோதரர்களும் டாரதி டாண்ட்ரிட்ஜும் வருகிறார்கள், அபாரமாக ஆடுகிறார்கள், போய்விடுகிறார்கள். கதையில் அவர்களுக்கு வேலையே இல்லை. தென் மாநிலத் தியேட்டர்காரர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டாலும் கதை அறுந்துபோகாது. கறுப்பினக் கலைஞர்களுக்கு அன்றைய ஸ்டூடியோக்கள் செய்துவைத்திருந்த ஏற்பாடு அது.

அதே ஆண்டு வந்த ‘ஹெல்ஜாபாப்பின்’னுக்கும் அதே கதிதான். ஃப்ராங்கி மேனிங் அமைத்த லிண்டி ஹாப் நடனத்தில் ஜோடிகள் ஒருவரையொருவர் தோளுக்கு மேல் தூக்கி எறிந்து, தாளம் பிசகாமல் தரையைத் தொடுகிறார்கள். உடையைப் பாருங்கள்: சமையல்காரர், பணிப்பெண், மெக்கானிக். உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர்களுக்கு வேலையாட்களாக மட்டுமே அந்தப் படத்துக்குள் வர அனுமதி. 1943இன் ‘ஸ்டார்மி வெதர்’ தப்பியதற்குக் காரணம், நடிகர்கள் எல்லோருமே கறுப்பினத்தவர். வெட்டினால் படமே மிஞ்சாது.

அதனால்தான் விமர்சகர்கள் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிய சவுண்டிகளின் பக்கம் நிற்கிறேன். 1940 முதல் 1946 வரை எடுக்கப்பட்ட மூன்று நிமிடப் படங்கள் அவை. மதுக்கடையில் நிற்கும் பனோரம் பெட்டியில் பத்து சென்ட் போட்டால் ஒரு படம் ஓடும். ஒரே சுருளில் எட்டுப் படங்கள். வரிசையில் அடுத்து எது இருக்கிறதோ அதைத்தான் பார்க்க முடியும். முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைத்து, அட்டை செட்டில் எடுத்தவை. கறுப்பர்களை இழிவாகக் காட்டியவையும் நிறைய உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘ஹாட் சாக்லேட்’டைப் பாருங்கள். இதுவும் 1941தான். எலிங்டன் குழு ‘காட்டன் டெய்ல்’ வாசிக்கிறது, பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோன் முழங்குகிறது. பிறகு ‘ஹெல்ஜாபாப்பின்’னில் ஆடிய வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் குழுவினர் இங்கும் வந்து ஆடுகிறார்கள். சிரிப்பு நடிகருக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கதாநாயகிக்கு வழிவிட்டு ஒதுங்கவும் வேண்டாம். இசையும் ஆட்டமும்தான் முழுப் படமும். ஹார்லமின் சவாய் நடன அரங்கில் இசைக்குழு ஆடுபவர்களுக்காகத்தான் வாசித்தது. அந்த உறவுக்குப் பக்கத்திலாவது வருவது கோடிகள் கொட்டிய ஸ்டூடியோப் படமல்ல, இந்தப் பத்து சென்ட் படம்.

2023இல் இருநூறு சவுண்டிகள் தொகுப்பாக வெளிவந்துவிட்டன. திரைவிழாக்களில் மறுபடியும் மில்லரையே போட்டுக்கொண்டிருக்க இனிச் சாக்கு இல்லை.