பன்றி தப்பி ஓடாத பூங்கா

புதிதாகக் கல்யாணமானவர்கள் தேனிலவுக்குக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “அதுல எழுத என்னய்யா இருக்கு? சின்னப் புள்ளைங்க போற எடம்” என்றார். யோசித்துப் பார்த்தால், இந்தப் பூங்காக்களைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்ட விமர்சனத்தின் சாரம் அவருடைய அந்த ஒரு வரியில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் போகிற இடத்துக்கு வளர்ந்தவர்கள் ஏன் போகிறார்கள்? அதுவும் வாழ்க்கையில் வளர்ந்தவர்களாக ஆகிவிட்டோம் என்று ஊருக்கே பத்திரிகை அடித்துச் சொன்ன அடுத்த வாரத்தில்?

உம்பர்த்தோ எக்கோ 1975-ல் அமெரிக்காவைச் சுற்றிவிட்டு எழுதிய கட்டுரையில் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார். நிஜமான மிசிசிப்பி ஆற்றில் படகில் போகிறார். கரையில் முதலையைப் பார்க்கலாம் என்கிறார்கள், ஒன்றும் தென்படவில்லை. டிஸ்னிலேண்டின் செயற்கை ஆற்றிலோ மிருகங்கள் நேரம் தவறாமல் தலைகாட்டுகின்றன. இயற்கையால் தரமுடியாததை இயந்திரம் தந்துவிடும் என்று அந்த இடம் நமக்குச் சொல்லிக்கொடுப்பதாக அவர் முடிவுக்கு வருகிறார். ழான் போத்ரியார் 1981-ல் இன்னும் ஒருபடி மேலே போனார். வெளியே இருக்கும் அமெரிக்கா நிஜமானது என்று நம்பவைப்பதற்காகத்தான் டிஸ்னிலேண்ட் கற்பனை உலகமாக முன்வைக்கப்படுகிறது என்றார். பெரியவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்று நினைக்கவைக்கத்தான் அந்த இடம் குழந்தைத்தனமாக இருக்கிறதாம்.

இரண்டுமே கூர்மையான பார்வைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இருவர் கண்ணும் கட்டடங்களின் மேலும் பொம்மைகளின் மேலும்தான் நிற்கிறது. ஒரு ஜோடி அங்கே கைகோத்து நடந்தால் அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் கேள்வி இல்லை. என் கேள்வி அதுதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஃப்ளோரிடாவில் ஓர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது. வாங்கிப்போட்ட நிலம் சுமார் 27,000 ஏக்கர். திறந்த அன்றே அதற்குள் தங்கும் விடுதிகளும் இருந்தன. அதாவது இது போய்விட்டு இரவு வீடு திரும்பும் இடமாகத் திட்டமிடப்படவில்லை, உள்ளேயே தூங்கி உள்ளேயே விழிக்கும் இடம். 1995-ல் ஏரிக்குள் ஒரு சிறு தீவில் கல்யாண மண்டபம் ஒன்றையும் கட்டினார்கள். மணமக்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வழியாக, நீருக்கு அப்பால் சிண்ட்ரெல்லா கோட்டை தெரியும்படி மண்டபம் அமைந்திருக்கிறது. கல்யாணத்தை வேறெங்கோ முடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. கொண்டாட வருகிறவர்களுக்கு வட்டமான பேட்ஜ் இலவசமாகக் கிடைக்கும். மணப்பெண்ணின் முக்காடு வைத்த மினி மௌஸ் காதுகளும், மாப்பிள்ளைத் தொப்பி வைத்த மிக்கி காதுகளும் விலைக்குக் கிடைக்கும். அதை அணிந்து நடந்தால் எதிரில் வரும் ஊழியர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள். அங்கே ஊழியர்களை ஊழியர்கள் என்று சொல்வதில்லை, நடிகர் குழுவினர் என்றுதான் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, விருந்தினர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் இருந்த கல்யாணப் பயணம், பல சமயம், கல்யாணத்துக்கு வரமுடியாத உறவினர்களின் வீடுகளைச் சுற்றிவருவதாக இருந்தது. கூடவே சொந்தக்காரர்களும் போவார்கள். நம் ஊர் விருந்துச் சுற்று மாதிரிதான். பிறகுதான் அது இருவர் மட்டும் போகும் பயணமாக ஆனது, நயாகரா அருவி அதற்குப் பெயர்பெற்ற இடமானது. இந்த மாற்றத்தில் கிடைத்த சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதோடு சேர்ந்து வந்த பயத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அத்தையும் மாமாவும் இல்லாத ஓர் அறையில், இரவு முடிந்து பகல் விடிந்த பிறகு, இந்த மனிதரோடு என்ன பேசுவது? காபி குடித்தாயிற்று. அப்புறம்? காதலித்துக் கல்யாணம் செய்தவர்களுக்கும் இந்த ‘அப்புறம்?’ வரத்தான் செய்யும். அருவியை எவ்வளவு நேரம் பார்க்கமுடியும்?

பூங்கா அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. அது தரும் பெரிய சொகுசு அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் எந்தப் பக்கம், மதியம் எந்த ஊர்வலம், இரவு எத்தனை மணிக்கு வாணவேடிக்கை என்று எல்லாமே இருக்கிறது. உள்ளே இருக்கும் உணவகங்களில் மேசைக்கு 60 நாள் முன்பே பதிவு செய்துவிடலாம். இரண்டு பேருக்கு இடையே நாடகம் நின்றுபோகாமல் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். எஃப். டபிள்யூ. முர்னாவின் ‘சன்ரைஸ்’ (1927). கிராமத்து விவசாயி ஒருவன், நகரத்திலிருந்து வந்த ஒருத்தியின் பேச்சைக் கேட்டு, மனைவியைப் படகில் கூட்டிப்போய் ஏரியில் தள்ளிக் கொல்லத் திட்டமிடுகிறான். கடைசி நொடியில் கை வரவில்லை. அவள் கரையேறி ஓடுகிறாள், டிராம் வண்டியில் ஏறுகிறாள், அவனும் பின்னாலேயே ஏறுகிறான். நகரத்தில் ஒரு தேவாலயத்தில் யாருடைய கல்யாணமோ நடக்கிறது. பாதிரியார் மணமகனிடம் சொல்லும் உறுதிமொழியைக் கேட்டு இவன் உடைந்து அழுகிறான். இருவரும் வெளியே வரும்போது, மணமக்களுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே இவர்களே மணமக்கள்போல நடந்துவருகிறார்கள். அதன்பிறகு போட்டோ ஸ்டுடியோ, அதன்பிறகு விளக்குகள் சுழலும் பெரிய கேளிக்கைப் பூங்கா. ஏற்கெனவே குழந்தை பெற்ற ஒரு தம்பதியின் தேனிலவு அது. கொலை செய்ய இருந்தவனும் கொலையுண்டிருக்க வேண்டியவளும் சேர்ந்து போகும் தேனிலவு.

அந்தப் பூங்கா நிஜமா? துளியும் இல்லை. நகரமே செட்டு. தூரம் அதிகம் இருப்பதுபோலக் காட்டுவதற்காகப் பின்னால் போகப்போகக் கட்டடங்களைச் சிறிதாகக் கட்டினார்கள், பின்புலத்தில் உயரம் குறைந்தவர்களை நடக்கவிட்டார்கள். சிண்ட்ரெல்லா கோட்டையிலும் இதே வித்தைதான். அதன் உயரம் 189 அடி. மேலே போகப்போகக் கற்களும் ஜன்னல்களும் சிறிதாகிக்கொண்டே போவதால் கண்ணுக்கு இன்னும் உயரமாகத் தெரிகிறது. ஆக, போலி என்பதுதான் குற்றம் என்றால் முர்னாவும் அதே கூண்டில் நிற்க வேண்டியவர்தான். இந்த இடத்தில்தான் எக்கோவிடமிருந்தும் போத்ரியாரிடமிருந்தும் நான் விலகுகிறேன். போலியான இடத்தில் உண்மையான சந்தோஷம் நடக்கலாம். ‘சன்ரைஸ்’ அதற்குச் சாட்சி.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முர்னாவின் பூங்காவில் ஒரு பன்றிக்குட்டி தப்பி ஓடுகிறது. பந்து எறியும் விளையாட்டுக் கடையிலிருந்து ஓடி, சமையல்கட்டுக்குள் புகுந்து, சிந்திய மதுவைக் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறது. நகரத்துக்காரர்கள் பதறுகிறார்கள். விவசாயிக்குப் பன்றி பிடிப்பது ஒரு விஷயமா? ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடுகிறான். கூட்டம் கைதட்டுகிறது, வாத்தியக் குழு கிராமத்து நடன இசையை வாசிக்கிறது, இருவரும் ஆடுகிறார்கள். அவள் முகத்தைப் பாருங்கள். ஜேனட் கேய்னர் அந்த இடத்தில் காட்டும் வெட்கமும் பெருமிதமும் கலந்த முகத்தில் ஒரு மனைவி தன் கணவனை மறுபடி அடையாளம் கண்டுகொள்கிறாள். இவன் யார் என்று அவளுக்கு நினைவுபடுத்தியது பூங்காவின் திட்டம் இல்லை. திட்டத்தில் விழுந்த ஓட்டை.

இன்றைய பூங்காவில் பன்றி தப்பாது. தப்பமுடியாதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. மேஜிக் கிங்டம் பகுதியில் நாம் நடக்கும் தெருக்கள் உண்மையில் மேல்தளம். அவற்றின் கீழே ஊழியர்கள் போகவர, சரக்கு கொண்டுபோக, குப்பை அகற்ற என்று தனியே நீண்ட நடைபாதைகள் ஓடுகின்றன. விண்வெளி வீரனின் உலகத்துக்குள் ஒரு கௌபாய் வேலைக்குப் போகும் வழியில் குறுக்கே வந்துவிடக் கூடாது. களைத்துப்போன முகம், தலையைக் கழற்றிவைத்த மிக்கி, வியர்வையைத் துடைக்கும் கை எதுவும் விருந்தினர் கண்ணில் படக் கூடாது. பொறியியலாக இது அபாரம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் எதிர்பாராதது எதுவும் நடக்காத இடத்தில், எதிர்பாராததைச் சந்திக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரியவும் வழியில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இப்படி ஒரு பூங்காவில் தேனிலவுக்கு ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் போனில் சொன்னாள்: “அண்ணா, அஞ்சு நாள்ல ஒரு தடவகூட சண்ட வரல தெரியுமா? ஏர்போர்ட்ல பெட்டி வர லேட்டாச்சு பாருங்க, அங்கதான் மொத மொத அவருக்குக் கோவம் வந்து பாத்தேன். எனக்குச் சிரிப்பா வந்துச்சு.” பெட்டி சுற்றிவரும் அந்தப் பட்டையின் ஓரத்தில்தான் அவர்கள் தேனிலவு தொடங்கியது என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஐந்து நாளின் செலவையும் ஆசையையும் அப்படி ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இன்னொரு படம். கிங் விடோரின் ‘தி க்ரௌட்’ (1928). ஜான் என்ற இளைஞன் நியூயார்க்கில் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் நூற்றுக்கணக்கான மேசைகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா. மேரியை முதல் முறை சந்திக்கும் நாளில், மாடி பஸ்ஸின் மேலே உட்கார்ந்துகொண்டு, தெருவில் கோமாளி வேஷத்தில் விளம்பரப் பலகையைச் சுமந்து போகும் ஒருவனைக் கிண்டலடிக்கிறான். அன்றே கோனி ஐலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் சறுக்குகளிலும் சுழலும் தட்டுகளிலும் விழுந்து புரண்டு சிரிக்கிறார்கள். திரும்பும் வழியில், வண்டிக்குள் ஒட்டியிருந்த தட்டுமுட்டுச் சாமான் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். தேனிலவு நயாகராவில். பிறகு ரயில் அதிர்வில் நடுங்கும் ஒரு குட்டி வீடு, சண்டைகள், ஒரு குழந்தையின் சாவு, வேலையின்மை. கடைசியில் எந்த வேஷத்தைப் பார்த்துச் சிரித்தானோ அதே கோமாளி வேஷம் அவனுக்கே வாய்க்கிறது.

மிக்கி காது மாட்டிய புதுத் தம்பதியைப் பார்த்துச் சிரிக்கும் விமர்சகன் அந்த மாடி பஸ்ஸின் மேலே உட்கார்ந்திருக்கிறான். “இவங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?” என்று கேட்பது சுலபம். விளம்பரத்தைப் பார்த்துக் கல்யாணம் பேசிய ஜானை விடோர் கேலி செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசைக்கு வார்த்தை கிடைக்காத மனிதர்கள் கையில் கிடைத்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது சினிமாப் பாட்டு, சிலருக்கு நயாகரா, சிலருக்குக் கோட்டை. பிள்ளைப் பருவத்தில் பார்த்த கார்ட்டூனின் இளவரசி வந்து கைகுலுக்கினால், முப்பது வயதுப் பெண் ஒருத்தி அழுதுவிடலாம். அந்த அழுகை நிஜம்.

இன்னொரு ஜோடியையும் சொல்லாமல் முடிக்கமுடியாது. ஜியா ஜாங்கேயின் ‘தி வேர்ல்ட்’ (2004) பெய்ஜிங் உலகப் பூங்காவில் நடக்கிறது. ஈஃபில் கோபுரம் அங்கே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கிறது. அங்கே நடனமாடும் தாவோவும் காவலனாக இருக்கும் தாய்ஷெங்கும் காதலர்கள். நமக்கு மேல்தளத்தில் விடுமுறையாக இருப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. படத்தில் உண்மையான பேச்செல்லாம் ஒப்பனை அறைகளிலும் வெறுமையான தாழ்வாரங்களிலும்தான் நடக்கிறது. சக ஊழியர்கள் இருவரின் கல்யாணத்தின்போதுதான் தாய்ஷெங்கின் இன்னோர் உறவு தாவோவுக்குத் தெரியவருகிறது. எந்த நடைபாதை விருந்தினர் கண்ணிலிருந்து மறைக்கப்படுகிறதோ அங்கே காதலும் சந்தேகமும் கடனும் சாவும் இருக்கின்றன. தேனிலவுக்கு வந்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்லும் வாய்க்கு ஒரு வீடும் அந்த வீட்டில் ஒரு சண்டையும் இருக்கும் என்பதை இந்தப் படத்தைப் பார்த்த பிறகு என்னால் மறக்கமுடியவில்லை.

அப்படின்னா போகலாமா, கூடாதா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது விமர்சனத்தின் வேலை இல்லை. அந்த இடம் எதைத் தருகிறது, எதைத் தரமுடியாது என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. அது ஓய்வு தருகிறது, பயத்தைத் தள்ளிப்போடுகிறது, இருவருக்கும் பொதுவாக ஒரு போட்டோ ஆல்பம் தருகிறது. பக்கத்தில் இருக்கும் ஆளைத் தரமுடியாது. அந்த ஆள் பெட்டி தொலையும்போதும், மழையில் பஸ் வராதபோதும், பேச ஒன்றுமில்லாத ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும் மெல்ல மெல்லத்தான் தட்டுப்படுவார். பூங்காவிலேயே அப்படி ஒரு மதியத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும் ஜோடிகளும் இருப்பார்கள். ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போது அதைப் பார்க்காமல், விடுதி வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒருவர் கால் வலியை இன்னொருவர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்பதிவு தேவையில்லை.