இது யார் கூற்று?

அகப்பாடலை வகுப்பில் எடுக்கும்போது முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதைத்தான். ஜோ ஃபாஸ்லர் 2015 அக்டோபரில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

தாங்க முடியாத வயிற்றுவலியோடு புரூக்ளின் மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவருடைய மனைவி கொண்டுசெல்லப்படுகிறார். ஒன்றிலிருந்து பத்துக்குள் வலிக்கு எண் கேட்கிறார்கள். பதினொன்று என்கிறார். சிறுநீரகக் கல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் முறுக்கிக்கொண்டிருந்தது சினைப்பை. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும். நேரம் போகப்போக உறுப்பு அழியும். அறுவை சிகிச்சை நடந்தபோது அது அழிந்துவிட்டிருந்தது.

இதைத் தனியொரு மருத்துவமனையின் அலட்சியம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க நகரமொன்றின் அவசரப் பிரிவில் கடும் வயிற்றுவலியோடு வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. வலி மருந்து கிடைக்க ஆண்களுக்கு 49 நிமிடம், பெண்களுக்கு 65 நிமிடம். இருபாலரும் சொன்ன வலியின் அளவோ ஏறத்தாழ ஒன்றுதான்.

அவசரப் பிரிவில் முன்னுரிமையைத் தீர்மானிப்பது வந்த வரிசை அல்ல, ஆபத்தின் அளவு. அதை மதிப்பிட நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மட்டும் போதாது, நோயாளியின் சொல்லும் வேண்டும். அந்தச் சொல்லை நம்பாத இடத்தில் முன்னுரிமை என்பதே பொய்யாகிறது.

ஃபாஸ்லர் இதை நேர்மையாக, கோபத்தோடு எழுதியிருக்கிறார். ஆனாலும் இது தலைவன் கூற்று. பதினொன்று என்று அவள் சொன்னபோது நம்பாத உலகம், அவள் பதினொன்று என்றாள் என்று கணவன் எழுதியதும் நம்பியது. பெண்ணின் சொல் சான்றாக ஏற்கப்படவில்லை என்று முறையிடும் கட்டுரையே ஆணின் சான்றில்தான் நிற்கிறது. பேச முடியாமல் கிடந்தவளுக்காக அருகிலிருந்தவர் பேசினார், அதில் குற்றமில்லை. எனினும் அவர் தருவது கடிகாரத்தின் நேரம். வலியில் கிடந்த உடல் எண்ணிய நேரம் கட்டுரைக்கு வெளியே நிற்கிறது.

முல்லைக்கு இருத்தலை உரிப்பொருளாக்கி, ஆற்றியிருப்பவளைப் புகழ்ந்து பழகிய மரபு நமது. ஆகவே இது நமக்கு அந்நியக் கதை அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வலி பெரிதில்லை என்கிறார்கள். அரற்றினால் மிகைப்படுத்துகிறாள் என்கிறார்கள். நம்பப்படுவதற்கு எந்த அளவு சத்தம் சரி என்று எவரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை.

அகமரபில் தலைவிக்கும் கூற்று உண்டு. இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகள் அதன் கோபத்தோடு நின்றுவிட வேண்டாம். துணைக்கு ஆண் வராத பெண், கணவனுக்கு எழுதத் தெரியாத பெண், தனியாக ஆட்டோவில் வந்து இறங்கும் பெண் ஆகியோரின் பதினொன்றை யார் எழுதுவார்கள் என்றும் கேளுங்கள். அவர்களே சொன்னால் போதும் என்றாகும்வரை, இந்தக் கட்டுரை பாதி வழக்குதான்.