மீனும் மில்லிகிராமும்

கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டபூர்வமானது. ஓராண்டு கழித்து கஞ்சா கலந்த தின்பண்டங்களின் விற்பனைக்கும் விதிகள் வந்தன. பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வளர்க்கலாம். பியூட்டேன் போன்ற கரைப்பான்களைத் தொடாதவரை, வளர்த்ததை வீட்டு அடுப்பிலேயே உணவில் சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. தொடக்கத்தில் பிரவுனி, பிஸ்கட் என்று இனிப்போடு நின்ற இந்தச் சமையல் இப்போது முதன்மை உணவுக்கு நகர்ந்துவிட்டது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் இதற்கென ஒரு சமையல் போட்டித் தொடரே வந்தது. கஞ்சா வெண்ணெய் ஊற்றிய சால்மன், கஞ்சா எண்ணெயில் ஊறிய இறால், மூலிகை மசாலா பூசிச் சுட்ட மீன் என்று வீட்டுச் சமையல்காரர்கள் துணிந்து இறங்கியிருக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வயதுவந்த ஒருவர் தன் வீட்டில் செய்வதைப் பழித்து ஒதுக்குவது திறனாய்வு ஆகாது. சமையலாக அது எவ்வளவு தேறுகிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பதே முறை. என் கருத்து இது: சாப்பாட்டின் அளவைப் பசி தீர்மானிக்கிறது, போதைப்பொருளின் அளவை மில்லிகிராம் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மீன் துண்டுக்குள் வைத்தால் அளவு கைவிட்டுப் போய்விடும்.

முதலில் சமையல்காரர்களின் பக்கம். கஞ்சாவைச் சமைப்பது எளிய வேலை அல்ல, அதை ஒழுங்காகச் செய்பவர்களின் அறிவை மதிக்க வேண்டும். பச்சைச் செடியில் போதை தரும் டி.எச்.சி. நேரடியாகப் பெரிதாக இல்லை. அது அமில வடிவில் இருக்கிறது. 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் அரைமணிக்கு மேல் வைத்தால்தான் அந்த அமிலம் டி.எச்.சி.யாக மாறும். மீனோ, உள்ளே 63 டிகிரி எட்டினாலே வெந்துவிடும். ஆகவே இலையைத் தூவி மீனைச் சுட்டால் கிடைப்பது புல் வாசமும் கசப்பும்தான். அடுத்து, டி.எச்.சி. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாங்கு எனும் கஞ்சா இலையைப் பாலிலும் நெய்யிலும் காய்ச்சும் வட இந்திய வழக்கம் இந்த உண்மையை வேதியியல் பாடம் இல்லாமலே கண்டுகொண்டது. அதனால் தேர்ந்த சமையல்காரர் மூலிகையைத் தனியே சூடேற்றி, வெண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ இறக்கி, வடிகட்டி, மீன் வெந்த பிறகே மேலே ஊற்றுகிறார். மாவில் தோய்த்துக் கஞ்சா எண்ணெயில் பொரிப்பதை அவர் தவிர்க்கிறார். 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் டி.எச்.சி. சிதைகிறது, எந்தத் துண்டு எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

சுவையிலும் இந்த இணைப்புக்கு நியாயம் உண்டு. கஞ்சாவின் மணத்துக்குக் காரணமான டெர்ப்பீன்கள் சமையலறைக்கு அந்நியமானவை அல்ல. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன், மிளகில் உள்ள கேரியோபிலீன், கொத்தமல்லி விதையில் உள்ள லினலூல் எல்லாம் அந்தச் செடியிலும் உண்டு. எலுமிச்சையும் மிளகும் மீனுக்குப் பொருந்தும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சால்மன், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் அந்தக் கசப்பைத் தாங்குகின்றன. காட் போன்ற மெலிந்த வெள்ளை மீனில் கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இதைவிடப் பெரிய நன்மை, புகை இல்லை என்பது. நுரையீரலுக்குத் தார் போகாது. நாள்பட்ட வலிக்காக மருத்துவர் ஒப்புதலோடு கஞ்சா எடுப்பவர்களுக்கு, உண்ணும்போது கிடைக்கும் நீண்ட நேர விளைவு உதவலாம். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி மிட்டாயும் சாக்லேட்டும்தான். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டியவருக்கு உப்பும் புளிப்புமான ஓர் உணவு கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. மீனின் ஒமேகா-3 கொழுப்பு கஞ்சாவின் பயனைக் கூட்டும் என்ற பேச்சை மட்டும் இந்த நன்மைகளோடு சேர்க்க நான் தயாராக இல்லை. மனிதர்களிடம் அதை நிறுவும் உறுதியான சான்று எதையும் யாரும் முன்வைக்கவில்லை.

இனி கணக்கு. 20 விழுக்காடு வீரியம் உள்ள கஞ்சாப் பூ 7 கிராம் எடுத்து 250 கிராம் வெண்ணெயில் காய்ச்சுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அமிலம் முழுதும் மாறினால் ஏறத்தாழ 1,230 மில்லிகிராம் டி.எச்.சி. வரும். அதில் வெண்ணெய்க்குள் இறங்குவது 40 விழுக்காடாகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். வெப்பம், நேரம், கிளறிய விதம், பிழிந்த விதம் எல்லாம் அதை மாற்றும். ஆக, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 27 மில்லிகிராமிலிருந்து 61 மில்லிகிராம் வரை எதுவும் இருக்கலாம். கனடாவில் ஒரு முழுப் பொட்டலத்துக்கே சட்டம் விதித்த உச்சம் 10 மில்லிகிராம். புதியவர்கள் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது அந்நாட்டு சுகாதாரத் துறையின் அறிவுரை. மீன் துண்டின் மேல் தாராளமாக ஊற்றிய ஒரு கரண்டி வெண்ணெய், குறைந்தபட்சக் கணக்கிலேயே, புதியவருக்கான அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பூவின் வீரியமே சரியாகத் தெரியாத வீட்டுச் செடியென்றால் இந்தக் கணக்கும் கிடையாது, ஊகம் மட்டுமே.

இந்தத் துல்லியமின்மையோடு உடலின் தாமதமும் சேரும்போதுதான் ஆபத்து முழு உருவம் பெறுகிறது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரிவது, உண்டால் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒளிந்திருக்கும். கல்லீரல் அதை மற்றொரு வீரியமான வடிவமாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. விளைவு ஆறேழு மணி நேரம் நீடிப்பது சாதாரணம். கொழுப்பான உணவோடு போனால் உறிஞ்சப்படுவது கூடும். வெண்ணெய் ஊற்றிய சால்மன் இதற்கு ஏற்ற ஊர்தி. 2014 மார்ச்சில் கொலராடோவில் 19 வயது மாணவர் ஒருவர் 65 மில்லிகிராம் டி.எச்.சி. உள்ள பிஸ்கட் ஒன்றில் ஆறில் ஒரு பங்கைத் தின்றார். கடையில் சொன்ன அளவு அதுதான். அரைமணி முதல் ஒரு மணி நேரம் கடந்தும் ஒன்றும் தெரியாததால் மீதியையும் தின்றார். சில மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைப் பதிவு செய்திருக்கிறது. அவர் தின்றது அளவு குறிக்கப்பட்ட ஒரு பண்டம். பிஸ்கட்டில் ஆறில் ஒன்றை உடைத்து மீதியை மூடி வைக்கலாம். மீன் இரவு உணவு. பசியோடு அமர்ந்தவர் ஆறில் ஒரு துண்டோடு எழமாட்டார், நன்றாக இருந்தால் இன்னொரு துண்டு கேட்பார். பசியைத் தூண்டுவது டி.எச்.சி.யின் அறியப்பட்ட குணம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வால் பக்கம் வாங்கியவருக்கும், தட்டின் அடியில் தேங்கிய வெண்ணெயைச் சோற்றோடு பிசைந்தவருக்கும் ஒரே அளவு போகவும் போகாது.

கடைச் சரக்கு மட்டும் துல்லியமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2015இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 75 கஞ்சா உணவுப் பொருட்களைச் சோதித்தது. அவற்றில் 17 விழுக்காட்டின் அட்டையில்தான் அளவு சரியாக இருந்தது. ஆனால் அந்தத் தவறு வெளியே தெரிந்ததே ஆய்வகம் இருந்ததால்தான். கட்டாயச் சோதனை, பொட்டல உச்சவரம்பு என்று அரசுகள் கடைகளை இறுக்க முடியும். வீட்டு வாணலியை யாரும் சோதிப்பதில்லை. அனுபவம் உள்ளவர் சிறிய அளவில் ருசிபார்த்து வீரியத்தைக் கணித்துக்கொள்வார் என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் அவர் கணித்தது வெண்ணெயின் வீரியத்தை. அது மீனோடு கலந்து மேசைக்குப் போனதும் அந்தக் கணிப்பு யாருக்கும் பயன்படாது.

குழந்தைகள் பற்றிய வாதம் சிக்கலானது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா தின்பண்டம் உண்ட நிகழ்வுகள் 2017இல் 207 ஆக இருந்தன. 2021இல் 3,054. மிட்டாய் வடிவமே இதற்குக் காரணம், காரமான மீனைக் குழந்தை தேடி எடுத்துத் தின்னாது என்று மீன் சமைப்பவர்கள் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். கஞ்சா மிட்டாயும் சாக்லேட்டும் விற்கத் தடை உள்ள கனடாவின் கியூபெக்கில், குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வது மற்ற பெரிய மாகாணங்களைவிடக் குறைவாகவே உயர்ந்தது. ஆனால் குழந்தைக்கு மீனை நாம்தான் எடுத்து ஊட்டுகிறோம். கர்ப்பிணிக்கு நல்லதென்று மருத்துவரே மீனைப் பரிந்துரைக்கிறார், இதய நோயாளிக்கும் அதையே வைக்கிறோம். கர்ப்பிணிகள் கஞ்சாவைத் தொடவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குக் கஞ்சா அந்த மருந்தின் வேகத்தை மாற்றக்கூடும். இரவு மிஞ்சிய மீன் பெயரில்லாத டப்பாவில் குளிர்பெட்டிக்குள் போனால், மறுநாள் மதியம் அதைச் சூடாக்கிச் சோற்றோடு தருபவர் பாட்டியாக இருக்கலாம். கனடாவின் ஸ்கார்பரோவில் மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீனுக்கே உரிய இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை குளிரில் சரியாக வைக்கப்படாவிட்டால் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது அழியாது. உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு, முகச்சிவப்பு, தலைச்சுற்றல், வாந்தி வரும். மீன், இறால் ஒவ்வாமையும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் தாக்கும், உயிரையும் எடுக்கும். கஞ்சா மிகுந்தாலும் படபடப்பு, தலைச்சுற்றல், வாந்தி. மேசையில் ஒருவர் தடுமாறினால், ‘கஞ்சா ஏறியிருக்கிறது, படுக்க வை’ என்று மற்றவர்கள் முடிவு செய்யும் வாய்ப்பு மிக அதிகம். மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த முடிவு மரண தண்டனை.

மதுவும் போதைதானே, உணவோடு அருந்துகிறோமே என்பது கடைசி எதிர்வாதம். மது தனிக் கோப்பையில் இருக்கிறது. மேசையில் உள்ள எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். வேண்டாதவர் தொடாமல் மீனை மட்டும் சாப்பிட்டு எழலாம். குடித்தவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே உடல் சொல்லிவிடும். கஞ்சா மீனை மறுக்க ஒரே வழி, பட்டினி கிடப்பது. மதுவோடு ஒப்பிடுபவர்கள் மதுவுக்கான மேசை ஒழுங்கையும் ஏற்க வேண்டும்.

அந்த ஒழுங்கு சமையல்காரருக்கு எட்டாததல்ல. மீனைக் கஞ்சா இல்லாமலே சமையுங்கள். வெண்ணெயைத் தனிக் கிண்ணத்தில், பெயரும் உத்தேச வீரியமும் எழுதி வையுங்கள். 2.5 மில்லிகிராமைத் தாண்டாதபடி சாதா வெண்ணெயோடு கலந்து நீர்க்கச் செய்து, தேக்கரண்டியால் அளந்து, விரும்பிக் கேட்டவர் தட்டில் மட்டும் ஒருமுறை ஊற்றுங்கள். இரண்டாம் துண்டு கேட்பவருக்கு வெறும் எலுமிச்சை வெண்ணெய் கொடுங்கள். மிஞ்சிய கஞ்சா வெண்ணெயைப் பூட்டி வையுங்கள். சுவையில் இதனால் எந்த இழப்பும் இல்லை, சாஸ் எப்படியும் கடைசியில் ஊற்றுவதுதான். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டிச் சொல்லுங்கள். சொல்ல முடியாத ஒருவர் அங்கே இருந்தால், அன்று அந்தக் கிண்ணத்தைச் சமையலறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.