ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு

மறதிநோய் இல்லப் பணியாளர்களைப் பழக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தது, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட்டும் கேத்லீன் பிரெடினும் உருவாக்கிய ‘டிமென்ஷியா கேர் மேப்பிங்’. பயிற்சி பெற்ற ஒருவர் பொதுக்கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து, சில முதியவர்களை மட்டும் மணிக்கணக்கில் கவனிப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பு: ஒவ்வொருவரும் செய்வதற்கு ஓர் எழுத்து, மனநிலைக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை ஓர் எண். படுக்கையறை, குளியலறைப் பக்கம் போவதில்லை. அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கும்.

பணியாளர் நடத்தையும் பதிவாகும். ஒரு வாய் விழுங்குமுன் அடுத்த கரண்டியை நீட்டுவது, சக்கர நாற்காலியைச் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து தள்ளுவது, முதியவரை நடுவில் வைத்துக்கொண்டே தங்களுக்குள் அரட்டை அடிப்பது. கொடுமையென்று யாரும் சொல்லமாட்டார்கள், அவசரம், அவ்வளவுதான். தாளில் எண் இறங்கிவிடும்போதுதான் அது உறைக்கிறது.

பிறகு அந்தத் தாளைப் பணியாளர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைத்திறன் தெரிவது இங்கேதான். குற்றப்பத்திரிகைபோல வாசித்தால் எல்லாம் கெட்டது. (மேற்பார்வை என்றாலே யாருக்கும் வயிறு கலங்கும்.) தேர்ந்தவர் வேறு முனையில் தொடங்குவார்: “பதினொரு மணிக்கு அந்த அம்மா சிரித்தாரே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?”